வெளியே கிடந்த கட்டை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை இடம் மாறினாலும் பழி வேறு ஆள்மேல் போய்விடும்.

அந்தப் பழி யாருடையது என்று கேட்கத்தான் நான் ஷமீமா டீச்சரிடம் போனேன்.

எட்டாவதோடு நின்றவள் நான். எங்கள் ஊர் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் சான்றிதழ் வகுப்புக்கு எட்டாவது போதும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் சுவிட்சைப் போடக்கூட மரக்கரண்டியோடு போய்க்கொண்டிருந்தேன்.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து வணக்கம் சொன்னார்கள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அம்மா தூங்கப் போகிறார் என்றான் ஒருவன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஆறு மாதம் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் லேபில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மாடியில் லைட் ஒயரை மாற்றக் கிளம்பியிருக்கிறார். கரண்டை நிறுத்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, போர்டு மேலேயே வைத்துவிட்டு ஏறியிருக்கிறார். எப்போதும் அங்கேதான் வைப்பார்.

நான் ரேஷன் கடையிலிருந்து வந்தேன். அவர் வேலைக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். கட்டை வெளியே கிடந்தது. எடுத்து மாட்டினேன்.

மிக்சி ஓடியது. சட்னி அரைத்தேன்.

மாடியில் அவர் கையில் ஒயர் இருந்தது.

எல்லோரும் அவர் விதி என்றார்கள். கட்டையை மாட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"அவரக் கொன்னது நான்தானே, டீச்சர்?"

டீச்சர் சுவர் உச்சியில் இருந்த பல்பு ஹோல்டரைக் காட்டி, அதைக் கழற்றித் தரச் சொன்னார்.

கட்டையைப் பிடுங்கினேன். போர்டு மேல் வைத்தேன். ஏணியில் ஏறினேன். ஒயரைத் தொடப் போகும்போது கீழே ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன்.

டீச்சர் கையில் கட்டை. மாட்டுகிற இடத்துக்கு நாலு விரல் தூரம்.

"டீச்சர், நான் மேல இருக்கேன்."

"கட்டை வெளிய கிடந்துச்சு, அக்கா."

ஏணியைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் போய் ஒன்றரை வருடம். அன்றுதான் முதல் தடவையாக அவர் மேல் கோபம் வந்தது. அதை ஏங்க அங்க வெச்சீங்க என்று வாய்விட்டே கேட்டேன்.

டீச்சர் கட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

அழுது முடித்து இறங்கினேன். கட்டையை எடுத்து முந்தானையில் முடிந்தேன். முடிச்சை இடுப்பில் செருகினேன்.

மறுபடி ஏறினேன்.