அறுநூற்றுப் பன்னிரண்டு கவர்களும் ஒரு சின்ன வெங்காயமும்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். அவருக்கு அவர் மச்சினன் சொன்னாராம். மச்சினனுக்கு, கதை நடந்த பிளாட்டில் தண்ணீர் கேன் போடுகிறவர் சொன்னாராம். மூன்று வாய் மாறி வந்த கதை என்பதால், நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைக் கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

திருச்சியில் குறிஞ்சி பிளாட்ஸ் என்று ஒரு கட்டடம். நாலு மாடி, எட்டு வீடு, ஒரு லிஃப்ட். மூன்றாவது மாடியில் இருக்கும் பூமிநாதன்தான் சங்கச் செயலாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குப்பையைக் குறைப்பது பற்றிப் பேச ஒரு பெண் வந்தாள். அவள் நல்ல விஷயம் பலவும் சொன்னாள். கடைசியாகச் சொன்னது பிளாட்காரர்கள் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

"வீட்டுல இருக்கிற ஒவ்வொரு கவரையும் நூறு தடவையாவது பயன்படுத்துங்க. அதுக்கப்புறம் தூக்கிப் போடுறதப் பத்தி யோசிக்கலாம்."

எட்டு வீட்டுக்காரர்களும் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து பூமிநாதனுடையது. அந்தப் பெருமையில், "எல்லாக் கவரையும் எங்க வீட்டுச் சின்ன ரூம்ல கொண்டாந்து போடுங்க, ஒண்ணா முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டார்.

எல்லார் வீட்டிலும் சமையலறைக் கதவுக்குப் பின்னால், கவர்களைத் திணித்த ஒரு கவர் தொங்குமே, அதெல்லாம் வந்து சேர்ந்தது. சின்ன ரூமின் கதவு மூட மறுத்தது.

பூமிநாதனின் மனைவி தையல்நாயகி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை நிறைமதிக்கு வளைகாப்பு. மதியம் பன்னண்டு மணிக்குப் பொண்ணப் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரேன். இந்த ரூம் அவளுக்கு. கவர் இருந்துச்சுன்னா நீங்க மொட்ட மாடித் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல பாய் போட்டுக்கங்க."

"தூக்கிப் போட்டிருவேன்."

"எப்போ?"

"நூறு தடவ பயன்படுத்தினதும்."

திங்கட்கிழமை காலை எண்ணினார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவது மாடி ஜெசிந்தா டீச்சர் கணக்கு டீச்சர் என்பதால் உடனே சொல்லிவிட்டார்: "அறுபத்தோராயிரத்து இருநூறு தடவை. நாலு நாள் இருக்கு. ஒரு நாளைக்குப் பதினையாயிரத்து முந்நூறு."

"தலைக்கு எவ்வளவுன்னு பிரிச்சா ஒண்ணும் தெரியாது" என்றார் பூமிநாதன். யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரு கவரில் ஒரு சின்ன வெங்காயத்தைப் போட்டுக் கீழேயிருந்து மாடிக்குக் கொண்டுபோனால் ஒரு தடவை. திரும்பி வரும்போதுதான் சிக்கல் வந்தது.

"வெறுங்கவரோட இறங்குனா கணக்கு உண்டா?" என்று கேட்டார் நாலாவது மாடி வரதன்.

"கவருக்குள்ள காத்து இருக்கே" என்றார் முதல் மாடி சிக்கந்தர் பாய். "காத்தத் தூக்கிட்டு வர்றோம்ல?"

ஜெசிந்தா டீச்சர் கண்ணை மூடி யோசித்தார். "காத்து கீழேயும் இருக்கு. அத மேலேயிருந்து கொண்டாறது வீண் வேலை. வெங்காயத்தையே திருப்பிக் கொண்டு வாங்க."

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அன்று முழுக்க அந்த வெங்காயம் ஏறி ஏறி இறங்கியது. பூமிநாதனுக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்தது. அப்போதுதான் வரதன் வியர்க்காமல் இருப்பதைக் கவனித்தார்.

"வரதன், நீங்க லிஃப்ட்ல போறீங்களா?"

"ஆமா சார். கவர் கையிலதானே இருக்கு?"

"கவரத் தூக்குனது நீங்களா, லிஃப்ட்டா?"

இந்தக் கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நம்மைத் தூக்கியது லிஃப்ட், நாம் தூக்கியது கவர், ஆகவே பாதிப் பாதி என்றார் பாய். அரைக் கணக்கு எழுதக் கட்டம் இல்லை என்றார் டீச்சர். கடைசியில் பூமிநாதன் லிஃப்ட்டின் சுவிட்சை அணைத்து, சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் இரண்டு கவர் நூறைத் தொட்டன. மூன்றாவது, தொண்ணூற்றெட்டாவது தடவையில் நெடுக்காகக் கிழிந்து இரண்டானது.

"தூக்கிப் போட்டிரலாமே" என்றார் வரதன்.

"நூறு ஆகலையே. அதோட இப்ப இது ரெண்டு கவர். ஆளுக்கு நூறு" என்றார் டீச்சர்.

"அப்ப இனிமே யாரும் கிழிக்காதீங்கப்பா" என்று பாய் எல்லாரையும் எச்சரித்தார். கிழிந்ததைத் தைத்து மறுபடி ஒன்றாக்கினார்கள்.

வியாழக்கிழமை இன்னொரு இடி. வெங்காயம் தோல் உதிர்ந்து உதிர்ந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. பூமிநாதன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர்த் தொட்டியும் பாயும் கண் முன்னால் வந்தன. அப்போது வரதன் மெல்லச் சொன்னார்:

"சார், கவருக்குள்ள கவர், அதுக்குள்ள கவர்னு எல்லாத்தையும் போட்டு ஒரே தடவ தூக்கினா, எல்லாத்தையும் ஒரு தடவ பயன்படுத்தின மாதிரிதானே?"

டீச்சர் விரலை மடக்கிப் பார்த்தார். முகம் பளிச்சென்று ஆனது. "நூறே தடவை. முடிஞ்சிரும்!"

பூமிநாதன் வரதனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மருந்துக்கடைக் கவர் நடுவில், அதன்மேல் மிட்டாய்க்கடைக் கவர், அதன்மேல் மளிகை, ஜவுளி என்று அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே மெத்தை வந்த கவரைப் போட்டு மூடினார்கள். முடித்த இரண்டையும், தைத்த ஒன்றையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அடுக்கத் தொடங்கியபோதே நடுக்கவரில் போட வெங்காயம் இல்லை. ஏதாவது இருந்தால்தானே கணக்கு? பூமிநாதன் சட்டைப் பையைத் தடவி, கையில் கிடைத்ததைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் தையல்நாயகி வளைகாப்புக்குக் கிளம்பும்போது சின்ன ரூம் காலி. துடைத்துக் கட்டிலும் போட்டாகிவிட்டது. "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுப் போனாள். பூமிநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூட்டையை இறக்கினார்கள், ஒன்று. ஏற்றினார்கள், இரண்டு. இதற்குள் உள்ளே காற்றுப் புகுந்து மூட்டை எருமை மாடு மாதிரி உப்பிவிட்டது. மூன்றாவது தடவை இறங்கும்போது முதல் மாடித் திருப்பத்தில் போய் அடைத்துக்கொண்டது. கீழேயிருந்து வரதன் இழுத்தார். மேலேயிருந்து பூமிநாதனும் பாயும் முட்டினார்கள். அது அசையவில்லை.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. கை நிறையக் கண்ணாடி வளையலோடு நிறைமதி இறங்கினாள்.

"என்னங்க, வழியில என்ன?" என்று கீழேயிருந்து தையல்நாயகி குரல் கொடுத்தாள்.

"ரூம் காலிம்மா!" என்றார் பூமிநாதன், மூட்டைக்கு அந்தப் பக்கமிருந்து.

"ரூமுக்கு எப்படிங்க வர்றது? லிஃப்ட்டப் போடுங்க."

"பெட்டி பூட்டியிருக்கு."

"சாவி எங்க?"

பூமிநாதன் சட்டைப் பையைத் தடவினார், பிறகு மூட்டையைத் தடவினார். மூட்டை லேசாகச் சரசரத்தது.

"ஐயோ, கத்தரி எடுத்து வெட்டுங்க!"

"வெட்டக் கூடாது!" என்று எல்லா மாடியிலிருந்தும் குரல் வந்தது. "வெட்டினா ஆயிரத்து இருநூத்து இருபத்து நாலு ஆயிரும்" என்று டீச்சர் விளக்கினார்.

வேறு வழியில்லை. நிறைமதிக்குக் கீழ்ப்படியில் நாற்காலி போட்டார்கள். வளைகாப்புப் புளியோதரையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். மேலேயிருந்து அப்பாவும் கீழேயிருந்து மகளும் ஒவ்வொரு கவராக உரித்தார்கள். வளையல் கலகலவென்று குலுங்க, "அப்பா, இருநூத்தி நாப்பது ஆச்சுப்பா" என்று அவள் எண்ணிச் சொன்னாள். நாலு மணிக்குச் சாவி வந்தது. லிஃப்ட் ஓடியது. நிறைமதி தன் ரூமில் கட்டிலில் கால் நீட்டிப் படுத்தாள். பூமிநாதனுக்கும் அன்று வீட்டுக்குள்ளேயே படுக்க இடம் கிடைத்தது.

அவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்ட கதை. பிறகு நானே அந்த பிளாட்டுக்குப் போய் விசாரித்தேன். குழந்தை பிறந்துவிட்டது, பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. கவர் எண்ணிக்கையில்தான் சின்னப் பிழை. இப்போது இருப்பது அறுநூற்றுப் பதின்மூன்று. படியில் சிதறிக் கிடந்ததையெல்லாம் போட்டு வைக்கப் பூமிநாதன் புதிதாக ஒரு பெரிய கவர் வாங்கியிருக்கிறார். அதில் 'ஒன்று' என்று டீச்சர் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. லிஃப்ட் பெட்டிச் சாவி இனிமேல் எங்கேயும் தொலைந்துவிடக் கூடாது என்று அதற்குள்தான், நடுக்கவரில், பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.