ஒரே லாரி, ஒரே இலை

மக்கும் குப்பைக்குப் பச்சைக் கூடையும் மக்காத குப்பைக்கு நீலக் கூடையும் வீட்டுக்கு வீடு வந்த காலத்திலே, வெள்ளைத்தாய் என்றொரு துப்புரவுத் தொழிலாளி இருந்தாளாம். அவள் தரம் பிரித்து வாங்கிவந்த குப்பையை, "எல்லாம் ஒரே குப்பைமேட்டுக்குத்தானே போகுது" என்று ஒரே லாரியில் கொட்டவைத்தார் நகராட்சி ஆணையர் அம்பலவாணர்.

ஒருநாள் மேலதிகாரி சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தது. "மத்தியானத்துக்குள்ள லாரியில இருக்கறதைப் பிரிச்சு வை. இல்லேன்னா உனக்கு வேலை இல்ல" என்றார் ஆணையர்.

வெள்ளைத்தாய் அவருக்குச் சாப்பாடு வாங்கிவந்து, மீன்குழம்பு, மோர், பாயசம் மூன்றையும் இலைச்சோற்றில் ஒன்றாகக் கவிழ்த்தாள்.

"என்னம்மா இது?"

"எல்லாம் ஒரே வயித்துக்குத்தானே போகுதுங்கய்யா. நீங்க பாயசத்தைப் பிரிச்சு எடுங்க. அதுக்குள்ள நான் லாரிக் குப்பையைப் பிரிச்சிடுறேன்."

அப்போதுதான் வாசலுக்கு வந்த மேலதிகாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எடுங்க, பார்ப்போம்" என்றார்.

ஆணையர் ஒரே ஒரு முந்திரியைப் பொறுக்கினார். பிறகு கையைக் கழுவிவிட்டு, லாரிக்கு நடுவே தடுப்பு அடிக்கச் சொல்ல வெல்டிங் பட்டறைக்கு நடந்தார்.