மிஞ்சிய நீல மை

“ஆற்றை யாரோ திருடிவிட்டார்கள், அம்மா!”

புகார் நகரில், தம் குருவின் கடலோரக் குடிலின் வாசலில் நின்று இப்படிக் கத்தினார் அரண்மனை ஓவியர் ஆடவல்லான். தலை முழுக்க நரை. அவருடைய குரு நங்கையம்மைக்கோ அவர் மகள் வயதுதான்.

“முதலில் மூச்சு விடுங்கள், ஆடவல்லாரே. எந்த ஆறு?”

“காவிரிதான்! குடகு மலையிலிருந்து அவள் கூடவே நடந்து வருகிறேன். ஒகேனக்கல்லில் அவள் போட்ட சத்தத்தில் காது அடைத்துவிட்டது. முக்கொம்புக்கு மேற்கே, அக்கரையில் நின்ற யானை பூனை மாதிரி தெரிந்தது. இங்கே வந்து பார்த்தால், ஓர் ஆடு முழங்கால் நனைய அவளைக் கடந்து போகிறது!”

நங்கையம்மை சிரித்தார்.

“சிரிக்காதீர்கள். காவிரி கடலில் சேரும் இடத்தை இன்னொரு கடலாகவே வரைகிறேன் என்று மன்னரிடம் வாயை விட்டுவிட்டேன். வாய்க்காலை வரைந்தால் சபையே கைகொட்டிச் சிரிக்கும். கடலை வரைந்தால் பொய். இந்தக் கை இதுவரை பொய் வரைந்ததில்லை.”

தம் ஓவியத் துணியை விரித்தார். மலையிலிருந்து கிழக்கே ஒற்றை நீலக் கோடு. இரு பக்கமும் வெறும் வெள்ளை. அருகில் ஒரு கலயம் நிறைய நீல மை, ஆறு கடலில் சேரும் இடத்துக்கென்றே எடுத்து வைத்தது.

“கல்லணைக்குக் கிழக்கே வெண்ணாறு எங்கே? குடமுருட்டி? அரசலாறு?”

“அவையெல்லாம் வேறு பெயர், அம்மா. பிரிந்து வயலுக்குள் போய்க் காணாமல் போகிறவை. நான் காவிரியை மட்டும்தான் விடாமல் பிடித்து வந்தேன்.”

“சாப்பிட்டீர்களா?”

“எனக்கு இருக்கிற கவலையில் சோறு எங்கே இறங்கும்?”

இறங்கியது. கத்தரிக்காய்க் குழம்போடு ஒரு முறை. மோரோடு ஒரு முறை.

“ஆகா! இது எந்த ஊர் அரிசி, அம்மா?”

“குடமுருட்டிப் பாசனம். கத்தரிக்காய் அரசலாற்றங்கரை.”

“அதுதான் இந்த ருசி! சரி, என் கேள்விக்கு வாருங்கள். காவிரி எங்கே போனாள்?”

நங்கையம்மை சோற்றுப் பானையை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்.”

ஆடவல்லானின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. கையிலிருந்த கவளத்தைப் பார்த்தார். விரித்திருந்த துணியைப் பார்த்தார். அதன் வெள்ளையைப் பார்த்தார்.

எழுந்து ஓடிப் போய்க் கை கழுவினார்.

“அம்மா, பச்சை மை இருக்கிறதா? ஒரு கலயம் போதாது!”