நேர் ரோட்டில் தொலைந்த நேரம்

"வளைவுல நான் யாருக்கும் சளைச்சவனில்லீங்க மேடம். நேர் ரோடு வந்தாத்தான் நேத்து வந்த பசங்ககூட என்னைத் தாண்டிப் போறானுங்க. இந்த என்ஜினைக் கொஞ்சம் பாருங்க" என்றார் நல்லசிவம்.

மெஹருன்னிசா என்ஜினைப் பார்க்கவில்லை. டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கோயமுத்தூருக்கு வெளியே இருக்கும் அந்த ரேஸ் டிராக்கில், கார்ட் என்கிற குட்டி ரேஸ் வண்டியை ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அவர்தான் குரு. நல்லசிவத்தைவிடப் பத்து வயது சின்னவர். அவர் வாயிலிருந்து ஒரு பதில் வாங்குவதற்குள் கேட்கிறவருக்கு நரை விழுந்துவிடும்.

"இது புது என்ஜின்தானேண்ணா?"

"போன மாசந்தான் போட்டேன்."

"பழசு என்னாச்சு?"

"அது குணா கட்டினது. அந்தப் பேச்சே வேண்டாமுங்க."

குணசீலன் நல்லசிவத்தின் கூடப்பிறந்த தம்பி. அண்ணனுடைய கார்ட்டுக்கு மெக்கானிக்கும் அவன்தான். தீபாவளிக்கு முந்தின ரேஸில் அண்ணன் கடைசியாக வந்தார். வந்த கோபத்தில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், அத்தனை பேர் பார்க்கத் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மாவாட்டற கிரைண்டருக்கு மாட்ட வேண்டியதை எனக்கு மாட்டி வச்சிருக்கியாடா? உன்னைப் போய் நம்புனேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

குணா கையைத் துடைத்துக்கொண்டான். கிளம்பிப் போனவன், ஓசூரில் வேலை தேடிக்கொண்டான். பொங்கலுக்கும் வரவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை.

போனால் போகிறான் என்று நல்லசிவம் ஊருக்குள் வீறாப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வண்டிக்குக் கீழே குனிந்து, பழக்கத்தில் 'டேய்' என்று கையை நீட்டும்போதெல்லாம், ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கத் தம்பி இல்லாதது அவருக்கு உறைத்தது.

"புது என்ஜினும் இழுக்கலைன்னா என்னங்க அர்த்தம்?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அவனை நான் திட்டினது நியாயந்தானான்னு எனக்குத் தெரிஞ்சாகணும் மேடம். ராத்திரி தூக்கமே வர்றதில்லை."

மெஹருன்னிசா டம்ளரைக் கீழே வைத்தார். கார்ட்டின் பின்பக்கம் போய், அச்சில் இருந்த பிரேக் தட்டைக் காட்டினார்.

"தொட்டுப் பாருங்கண்ணா."

"ஜில்லுன்னு இருக்குது. காலையில இன்னும் வண்டியையே எடுக்கலையே."

"நேர் ரோட்டுல மட்டும் முழு வேகத்துல வாங்க. பெரிய வளைவுக்கு முன்னால நான் நிக்கறேன். நான் கை காட்டினதும் ஆக்சிலேட்டரை விட்டுருங்க, வண்டி தானா நிக்கட்டும். பிரேக் மட்டும் புடிக்கவே கூடாது."

இதில் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று நல்லசிவத்துக்கு எரிச்சல். ஆனாலும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வண்டி அலறிக்கொண்டு வந்தது. மெஹருன்னிசா கை காட்டியதும் வேகம் குறைந்து, உருண்டு உருண்டு, அவரைத் தாண்டிப் போய் நின்றது.

மெஹருன்னிசா நடந்து வந்து, கையிலிருந்த பாட்டில் தண்ணீரை பிரேக் தட்டின் மேல் ஊற்றினார்.

சுர்ரென்று ஆவி கிளம்பியது.

"பிரேக் புடிச்சீங்களாண்ணா?"

"ஐயோ, சத்தியமா இல்லீங்க! காலைச் சும்மாதான் வச்சிருந்தேன்."

"எது மேல?"

நல்லசிவம் குனிந்து பார்த்தார். கார்ட்டில் வலது காலுக்கு ஆக்சிலேட்டர், இடது காலுக்கு பிரேக். அவருடைய இடது கால் இன்னும் பிரேக் மேலேயே இருந்தது.

எதிரே அந்தப் பெரிய வளைவு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கேதான் வண்டியோடு உருண்டு தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். அதெல்லாம் எப்பவோ மறந்துபோச்சு என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"அப்ப... குணா கட்டின என்ஜின்?"

"நான் ஓட்டிப் பார்த்திருக்கேன். நல்ல என்ஜின்."

நல்லசிவம் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"என்ன காரியம் பண்ணிட்டேன்... பாவி, அவனுக்கும் இது தெரியாமப் போச்சே!"

"வாராவாரம் தேஞ்ச பிரேக் பேடைக் கழட்டி மாத்தினவருக்கா தெரியாது?"

நல்லசிவம் நிமிர்ந்தார்.

"தெரிஞ்சுமா நின்னு அத்தனை பேச்சும் வாங்கினான்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க!"

"அன்னைக்கு அவர் கிளம்பறப்ப நானும் இதையேதான் கேட்டேன்" என்றார் மெஹருன்னிசா. "'இத்தனை பேர் நிக்கறப்ப, எங்கண்ணன் பயப்படறார்னு என் வாயால எப்படிங்க சொல்லுவேன்'னாரு."