வெள்ளச்சி பிடிக்க வேண்டிய விரல்

‘எழுத்து முதலில் விரலுக்குத்தான் தெரியும், பிறகுதான்...’ என்று மாசிலாமணி வாத்தியார் ஒரு கூட்டத்தில் பேசினாராம். பிறகு எதற்குத் தெரியும் என்றார் என்பது கேட்டவர்கள் யாருக்கும் நினைவில்லை.

ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளில், எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே மணலில் உட்காரவைத்த பள்ளிக்கூடம் அவருடையது. அந்தப் பக்கத்தில் அப்படி வேறொன்று இல்லை.

அங்கே நன்றாக வாசிக்கிற பிள்ளைதான் சட்டாம்பிள்ளை. புதிதாகச் சேரும் குழந்தைகளின் விரலைப் பிடித்து மணலில் எழுதவைப்பது சட்டாம்பிள்ளையின் வேலை. அந்த வருஷம் எல்லோரையும்விட நன்றாக வாசித்தவள் சேரிப் பெண் வெள்ளச்சி.

ஊரார் வந்தார்கள்.

“பக்கத்துல உட்காரட்டும்னு மூணு வருஷம் பொறுத்தோம், வாத்தியாரே. இப்ப எங்க புள்ளைங்க விரலையே பிடிப்பாளா? நாளைக்குத் தாலி எடுத்துக் குடுக்கவும் அவளைத்தான் கூப்பிடுவீரோ?” என்றார் மிராசுதார்.

“அதற்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லையே,” என்றார் வாத்தியார்.

நாற்பது பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுபோனார்கள். நான்காம் நாள் வெள்ளச்சியின் குடிசை எரிந்தது. மறுநாள் காலையில் அவள் புகை நாற்றத்தோடு வந்து மணலைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இன்னிக்குமா வந்தே?” என்றார் துணை ஆசிரியர் ஆபத்சகாயம். வாத்தியாரிடமே படித்தவர். மிராசுதாரின் தெருக்காரர்.

“அம்மா சாம்பல்ல பானை தேடுது சாமி. நீ போ, நேரமாச்சுன்னுச்சு.”

ஆபத்சகாயம் வாத்தியாரிடம் போனார்.

“ஐயா, அவள் படிக்கட்டும். விரலை மட்டும் நான் பிடிக்கிறேன். எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள்.”

“வருவார்கள்.”

“அவள் வீட்டுப் பக்கமும் போகமாட்டார்கள்.”

“போகாமலிருக்கலாம்.”

“பிறகென்ன ஐயா யோசனை?”

“விஜயதசமிக்கு உன் மகனுக்கும் எழுத்துத் தொடங்க வேண்டுமல்லவா?”

“ஆமாம், ஐயா.”

“ஊர் சம்மதித்து, எந்தக் குடிசையும் எரியாமல், யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால், அவன் விரலை யார் பிடிப்பது?”

ஆபத்சகாயம் மேல்துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே நின்றார்.

“நான்... நானே பிடிக்கலாமென்றுதான்...”

“அந்த நாற்பது பிள்ளைகளின் வீட்டாரும் அதைத்தான் சொன்னார்கள், ஆபத்சகாயம். கொஞ்சம் உரக்கச் சொன்னார்கள்.”

விஜயதசமியன்று ஆபத்சகாயம் தன் வீட்டுக் கூடத்தில் நெல்லைப் பரப்பி, மகனை மடியில் உட்காரவைத்து, அவன் விரலைத் தானே பிடித்து எழுதவைத்தார்.