தாசில்தாரின் பாஸ்வேர்டு

தென்காசியில் ஓய்வுபெற்ற தாசில்தார் சிவசைலத்தின் வீட்டு மாடியில் குடியிருந்தவள் செண்பகவல்லி. அவருடைய கம்ப்யூட்டரில் கடிதம் எழுத ஓர் இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். மறுவாரமே அவர் இமெயிலிலிருந்து சொந்தபந்தம் எல்லோருக்கும் கண்ட கண்ட விளம்பரங்கள் போயின.

தாசில்தார் வாசலில் நின்று இரைந்தார். "பாஸ்வேர்டை நான் ஒரு மனுஷனுக்கும் சொல்லலை. நீ போட்ட ஓசிச் சாமான்தான் திருடியிருக்கு. இல்லைன்னு நிரூபி, இல்லாட்டி வீட்டைக் காலி பண்ணு!"

தெருவே கூடிவிட்டது. செண்பகவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. கம்ப்யூட்டரைத் தொடவும் அவர் விடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பணிவாகக் கேட்டாள்.

"சார், பாஸ்வேர்டு ரொம்பச் சுலபமோ? யாராவது ஊகிச்சிருப்பாங்க."

"சுலபமா? என் பொண்ணு பேரு வேணி, அதோட நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் எழுபத்தெட்டு! எவன் ஊகிப்பான்?"

கூட்டம் சிரித்தது. அவர் எதற்கென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார்.

"யாருக்கும் சொல்லலைன்னீங்களே சார். இதே மாதிரி வேற யாரும் கேட்டாங்களா?"

சிவசைலம் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் கம்ப்யூட்டர் கம்பெனின்னு ஒருத்தன் போன்ல... 'உங்க பாஸ்வேர்டு பலமில்லை'ன்னான். எவ்வளவு பலம்னு விளக்கினேன். அது சொன்னதாகுமா?"

"ஆகும் சார்."

காலி பண்ணும் பேச்சு அத்தோடு நின்றது. புது பாஸ்வேர்டு வைக்க அவரை உட்காரவைத்துவிட்டு, செண்பகவல்லி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரோ ஒவ்வோர் எழுத்தையும் உரக்கச் சொல்லிச் சொல்லி அடித்தார். அவள் காதையும் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.