கம்பியைக் குறுக்கே மாட்டிய சிப்

மேசைமேல் கிடக்கும் சாமான்களுக்கெல்லாம் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கணினியின் விலாவில் யூஎஸ்பி போர்ட் என்றொரு பெரிய மனிதர் குடியிருந்தார். எல்லோருக்கும் கரண்டு அவர் வழியாகத்தான் வர வேண்டும். அதனால் அவர் வைத்ததே சட்டம். கேட்டால்தான் பேச வேண்டும், கேட்காதபோது மூச்சு விடக் கூடாது.

மேசையின் மறுகோடியில் முட்டைகளை அடைகாக்கும் பெட்டி ஒன்று. அதற்குள் சூடு பார்ப்பது கண்ட்ரோலர் அக்காவின் வேலை. அக்கா சீரியல் என்கிற வரிசைப் பேச்சுக்காரி. தோன்றும்போதெல்லாம், எழுத்தெழுத்தாகப் பேசுவாள். அந்தப் பேச்சு போர்ட்டுக்குப் புரியாது. அதைப் புரியவைக்க நடுவில் ஒரு சின்ன சிப்பை உட்கார வைத்திருந்தார்கள். சரியான வால் அது. இரண்டு பேர் குரலிலும் பேசும். போர்ட் தொண்டையைக் கனைத்தால் அதையும் அப்படியே கனைத்துக் காட்டும்.

சிப்புக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு வாய், ஆளுக்கொரு காது. வாயின் பெயர் டிஎக்ஸ், காதின் பெயர் ஆர்எக்ஸ். ஒரே பெயர்க்காரர்களைத்தான் கம்பி போட்டுச் சேர்க்க வேண்டும் என்று போர்ட் உத்தரவு போட்டிருந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வாயும் வாயும் முட்டிக்கொண்டு நின்றன. காதும் காதும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு சும்மா கிடந்தன.

ஒரு மதியம் பெட்டிக்குள் சூடு ஏறியது. ஹீட்டரை அணைக்கக் கணினியால்தான் முடியும். அக்கா கத்திப் பார்த்தாள். ஓர் எழுத்துகூடப் போய்ச் சேரவில்லை. அவள் தலையிலிருந்த விளக்கு துடிப்பதைச் சிப் பார்த்துவிட்டது. கம்பியை மாற்றிக்கொள்ளட்டுமா என்று போர்ட்டிடம் கேட்டது. சட்டம் சட்டம்தான் என்று அவர் கனைத்தார்.

சிப் அதே கனைப்பைத் திருப்பிக் கனைத்தது. இரண்டு கம்பிகளையும் பிடுங்கிக் குறுக்கே மாட்டியது. இப்போது அக்காவின் வாய் சிப்பின் காதில், சிப்பின் வாய் அக்காவின் காதில்.

"டேய், நேரா மாட்டுடா. இல்லேன்னா கரண்டை நிறுத்திடுவேன்."

"நிறுத்துங்கய்யா. நிறுத்துற வரைக்கும் பேசுவேன்."

அதற்குள் அக்காவின் குரல் வந்துவிட்டது. "தம்பி, கேக்குதா? இன்னும் கொஞ்ச நேரம் போனா முட்டையெல்லாம் வெந்துடும்டா."

சிப் அதைப் போர்ட்டின் குரலிலேயே, அதே மிடுக்கோடு உள்ளே சொன்னது. பெரியவரே சொல்கிறாரே என்று கணினி ஹீட்டரை அணைத்தது. பிறகு, இப்போது சூடு எவ்வளவு, குஞ்சுகள் பிழைக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்தது. கரண்டை நிறுத்தப் போன போர்ட் அப்படியே நின்றார். நிறுத்தினால் கணினிக்கு யார் பதில் சொல்வது? பெட்டிக்குள் முதல் குஞ்சு கொத்தி, முட்டை ஓடு விரிசல் விட்டது.

அன்று முதல்தான் டிஎக்ஸ் கம்பி ஆர்எக்ஸைத் தேடிப் போகிறது, ஆர்எக்ஸ் டிஎக்ஸைத் தேடி வருகிறது. இன்றைக்கும் புதிதாக மாட்டுகிறவர்கள் முதலில் போர்ட் சொன்னபடிதான் மாட்டுவார்கள். திரை பேந்தப் பேந்த விழிக்கும். மாற்றி மாட்டினால் எழுத்து ஓடும், சிப்பின் பக்கத்தில் குட்டி விளக்கு படபடக்கும். செய்தி போகிறது என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். அதெல்லாம் இல்லை. சிப் இன்னமும் போர்ட்டைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது.